கழுத்தை விடும்மா

...தலை அலசிவிடுகிறாரே, இதற்குப் பதிலாக இவருக்கு என்ன செய்வது, சட்டைக்கு இஸ்திரி போடலாம் என்றால் வலது கை மாவுக்கட்டில் கிடக்கிறது, இடது கையால் போட்டால் கருகிவிடும், கருகிய சட்டையோடா ஆராதனைக்குப் போவார், போவார், போகக்கூடியவர்தான்... குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள், பின்னால் முக்காலி போட்டுக்கொண்டு கணவர், ஷாம்பு பாட்டிலில் பாதியைக் கவிழ்த்தாயிற்று, காதெல்லாம் நுரை. ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவருக்குப் பெண்டாட்டி தலையில் ஒரு சிக்கு எடுக்கத் தெரியவில்லை. "என்னம்மா இது, பழைய மீட்டர் பெட்டி மாதிரி பின்னிக் கிடக்கு?" சிரிப்பு வந்தது, கூடவே கூச்சமும். யாரிடமும் சும்மா ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தவளா அவள்... அக்கா பிள்ளைகளுக்குக் கவுன், மாமியாருக்கு ரவிக்கை, பாடகர் குழு முழுக்க வெள்ளை அங்கி, தைத்துத் தைத்தே எல்லார் மனதிலும் இடம் பிடித்தவள். ஆண்டவரிடமும் அப்படித்தான், கை சரியாகட்டும், பலிபீடத்துக்குப் புது விரிப்பு தைத்துத் தருகிறேன்... ஞாயிறு வகுப்பில் கிருபை என்றால் என்ன என்று எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுப்பாள், தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு, எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்... அந்தத் தகுதியில்லாதவர் எப்போதுமே வேறு யாரோ.

டாக்டர் சொன்னதை எப்படிச் சொல்வது? மாடிப்படியில் வழுக்கியதில் எலும்பு மட்டும் போகவில்லை, நரம்பும் போய்விட்டது, கட்டைப் பிரித்தாலும் விரல்கள் இனி ஊசி பிடிக்காது... போன வாரம் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தைக்காத நான் இந்த வீட்டில் யார், தைக்காத நான் யாருக்கு வேண்டும்? சொல்லிவிடலாம், கண்ணை மூடியிருக்கும்போதே சொல்லிவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"ஏங்க, இந்தக் கை..."

தண்ணீர் ஊற்றுவது நிற்கவில்லை. "இனிமே தைக்க வராதுன்னுதானே? டாக்டர் அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டாரும்மா. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். கண்ணத் தொறக்காத, எரியும்."

அன்றைக்கேயா... அப்படியானால் இந்த வாரம் முழுக்க, கோணல்மாணலாக ஜடை பின்னிவிட்டதும், ரொட்டியைப் பிய்த்து ஊட்டியதும், சுருதியே சேராமல் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவியதும், எல்லாம் தெரிந்துகொண்டா? அவள் ஒளித்து ஒளித்து நடுங்கியபோதெல்லாம் இந்த மனுஷன் பாடிக்கொண்டா இருந்தார்?

"கழுத்த விடும்மா, எதுக்கு இப்படி வெறச்சு வச்சிருக்க? நான்தான் பிடிச்சிருக்கேன்ல."

மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, தலையின் பாரத்தை அவர் உள்ளங்கையில் விட்டாள். இவ்வளவு கனமா என் தலை... பழக்கத்தில் ஜெபம் வந்தது, ஆண்டவரே, நான் உமக்கு... அதற்கு மேல் வரவில்லை, தருகிறேன் என்று சொல்ல எதுவுமில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்தில் யாரும் எழுந்து போய்விட்டதாகத் தோன்றவில்லை. இவருக்கே முன்னமே தெரியும் என்றால், மேலே இருக்கிறவருக்கு? இத்தனை விரிப்புகளையும் அவர் கேட்டாரா, நானாகத்தான் தைத்துக்கொண்டு போனேனா...