ஓட்டு என்ற கட்டம்

ஈரத் துணியோடு ராபின் வாசலுக்குப் போவதைப் பார்த்ததும் ஃபெமினா மடியில் இருந்த சட்டையை ஊசியோடு அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அப்பாவைப் பெட்டியில் வைக்கும்போது போடவேண்டிய வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தானைப் பாதிதான் தைத்திருந்தாள்.

"அதைத் தொடாதடா."

ராபின் திரும்பவில்லை. வெளிச்சுவரில், தகரச் சாய்ப்புக்கு அடியில் மாட்டியிருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்றான். துணியிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பத்தரைக்கு எம்.பி. வாராருக்கா. வீரய்யா அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. அழிச்சிட்டீங்களா, அழிச்சிட்டீங்களான்னு."

"அவரு பாக்கணும்னுதான அப்பா எழுதுனாரு."

"அப்பா இருந்தவரைக்கும் சரி. இனிமே யாரு பதில் சொல்றது?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்பா அருள்தாஸிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். ஜெகதாப்பட்டினம் ஐஸ் ப்ளாண்டில் முப்பது வருடம் மெஷின் பார்த்தவர். அமோனியா வாடை ஏறிப்போன குரலில், தெருவே கேட்கிற மாதிரி பேசுவார். நேற்று விடிகாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை நிதானமாகத் தரையில் வைத்துவிட்டு, "நெஞ்சைப் பிடிக்குதுடி" என்றார். மணமேல்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. இப்போது கூடத்தில் வாடகை ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் தலைமாட்டில் அம்மா அமலராணி கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை.

பலகை வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். ராபின் போன விசைப்படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய், அவன் ஐந்து மாதம் சிறையில் கிடந்த சமயம். அருள்தாஸ் எம்.பி. ஆபீசுக்குப் போய்க் கைகூப்பி நின்றார். அடுத்த கூட்டத்தொடரில் பேசிவிட்டுத்தான் மறுவேலை என்று எம்.பி. தோளைத் தட்டிச் சொன்னார். அருள்தாஸ் நம்பினார். கூட்டத்தொடர் தொடங்கிய நாளிலிருந்து, ஃபெமினா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், "இன்னைக்கிப் பேசுனாராம்மா?"

ஃபெமினா மணமேல்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியை. பார்லிமெண்டின் இணையதளத்தில் எதை எங்கே தேடுவது என்று அவளுக்கும் அதற்கு முன்னால் தெரியாது. தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். அந்தத் தடவை அவை கூடியது பத்தொன்பது நாள். எம்.பி. வந்து கையெழுத்துப் போட்டது ஆறு நாள். கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. அதைச் சொன்ன அன்று அருள்தாஸ் சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம், மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து இந்தப் பலகையை சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

மீன் ஏற்றிக்கொண்டு போகிற அத்தனை பேரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும். கட்டம் போட்டு, நெட்டெழுத்தில் தலைப்பு எழுதினார்: கூட்டத்தொடர், மொத்த நாள், வந்த நாள், கேள்வி, நம்ம கடலைப் பற்றி, ஓட்டு. ஃபெமினா இங்கிலீஷில் இருப்பதைத் தாளில் தமிழாக்கிக் கொடுப்பாள். அவர் சாக்பீஸால் ஏற்றுவார். எம்.பி. தென்னை விவசாயிகளுக்காக இரண்டு கேள்வி கேட்டிருந்தார். அதையும் ஒழுங்காக எழுதினார். "செஞ்சதை மறைச்சா நம்மளும் அவங்களும் ஒன்னாயிருவோம்" என்பார்.

ஓட்டு என்ற கட்டம்தான் அவரை ரொம்பப் படுத்தியது. பெரும்பாலான மசோதாக்களுக்குக் குரல் வாக்கெடுப்புதான், யார் எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது என்று ஃபெமினா சொன்னபோது அவர் நம்பவில்லை.

"ஆமான்னு கத்துறவன் சத்தம் பெரிசா இருந்தா ஆமாவா? நம்ம ஏலக்கூடத்துல ஒரு கூடை சங்கரா மீனுக்குக்கூட எவன் கேட்டான்னு பேரு எழுதுறான்டி!"

அதனால் அந்தக் கட்டத்தில் வரிசையாக 'தெரியாது', 'தெரியாது' என்றே இருந்தது. ஒரே ஒரு தடவை, கடலோர மசோதா ஒன்றுக்குப் பட்டனை அமுக்கி ஓட்டெடுத்தார்கள். பெயர்ப்பட்டியல் வந்தது. ஆதரவிலும் எம்.பி. பெயர் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. அருள்தாஸ் 'இல்லை' என்று எழுதினார். இல்லை என்று ஓட்டுப் போட்டதாகப் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்களே என்று மறுநாள் அழித்துவிட்டு, 'ஆளே இல்லை' என்று எழுதினார்.

ஒன்பதரைக்கெல்லாம் வீரய்யாவே வந்துவிட்டார். எம்.பி.யின் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, ஃபெமினாவை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"டீச்சர், பெரியவரு இருந்தப்ப நாங்க எதுவும் சொன்னோமா? அவரு ஆசைக்கு எழுதுனாரு. இப்ப நீங்க வச்சிருந்தா அது வேற மாதிரி. கவர்மெண்ட்டு சம்பளம் வாங்குறவங்க நீங்க. ராமநாதபுரம் எல்லையில எங்கயாச்சும் தூக்கிப் போட்டாங்கன்னா அம்மாவை யாரு பாக்குறது?"

"போடட்டும்ங்க. அங்கயும் போர்டு இருக்கும், சாக்பீஸும் இருக்கும்."

வீரய்யாவின் முகம் சுருங்கியது. பந்தலுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்தவள் அழகி. இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவள் புருஷன் செந்தமிழனையும் இன்னும் மூன்று பேரையும் இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்து, கதவோரம் நின்றாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கி ஒருநாள் மட்டும் அதை மூடியாச்சும் வைங்களேன். உங்கப்பா எங்களுக்காகத்தான் எழுதுனாரு, எனக்குத் தெரியாதா? ஆனா எம்.பி. மனசு வச்சு ஒரு போன் போட்டாருன்னா... எம் புருசன் அங்கிட்டுல்ல கெடக்குது."

ஃபெமினா அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு போர்வையை எடுத்து ராபினிடம் கொடுத்தாள். "அழிக்காத. மூடு." அவன் ஆணியில் இரண்டு முனையையும் மாட்டி இழுத்துவிட்டான். அவள் உள்ளே வந்து சட்டையை எடுத்துப் பொத்தானைத் தைக்க உட்கார்ந்தாள். நூல் இரண்டு தடவை அறுந்தது.

எம்.பி. வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. இரண்டு கார். அதற்குள் அப்பாவுக்குச் சட்டை மாட்டிச் சவப்பெட்டியில் வைத்துப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். எம்.பி. பெரிய ரோஜா மாலையைக் காலடியில் சாத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அமலராணியைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அப்போது வீரய்யா ஒரு போனைத் தூக்கிப் பிடிக்க, லோக்கல் சேனல்காரர் மைக்கை நீட்டினார்.

"அருள்தாஸ் அண்ணன் எனக்கு ரொம்ப வேண்டியவர்" என்றார் எம்.பி. "நம்ம மீனவ சொந்தங்களுக்காக ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் நான் நாடாளுமன்றத்துல குரல் குடுத்துக்கிட்டு இருக்கேன். அதை ஒன்னுவிடாம கவனிச்சு, பெருமையா ஊருக்கே எடுத்துச் சொன்னவர் அவர். அந்த இழப்பை—"

ஃபெமினா எழுந்திருக்கப் போனாள். அதற்குள் பந்தல் ஓரத்தில் சலசலப்பு. அழகி குழந்தையைப் பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒரு முனை கிழிந்து ஆணியிலேயே தொங்கியது.

"இதைத்தான் எடுத்துச் சொன்னாரு" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "படிச்சுப் பாருங்க."

மைக் அப்படியே நின்றது. வீரய்யா போனைச் சட்டென்று இறக்கினார். ஆனால் கூட்டத்தில் வேறு பத்துப் பேர் கையில் போன் உயர்ந்திருந்தது.

"வாங்க" என்றது ஒரு குரல். நேற்றிலிருந்து பேசாத அமலராணி. "வந்தது வந்தீங்க. நின்னு படிச்சிட்டுப் போங்க. அவரு உக்காந்து எழுதுனது."

எம்.பி. பலகைக்கு அருகே போனார். ஒரு வரிசை விடாமல் படித்தார் என்றுதான் சொல்லவேண்டும். கடலோர மசோதாவுக்கு நேரே விரல் நின்றது.

"அன்னைக்கி நாங்க வெளிநடப்பும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "கட்சி முடிவு. அதுவும் ஒரு எதிர்ப்புதான்."

"எதிர்ப்புன்னா உள்ள உக்காந்து பட்டனை அமுக்கணும்ல? வெளிய நிக்கத்தான் நாங்க இருக்கோமே" என்றாள் அமலராணி.

எம்.பி.யின் காது சிவந்தது. "நீங்க எழுதாதது ஒன்னு இருக்கு. இப்பப் புடிச்சிட்டுப் போன நாலு பேரை விடச்சொல்லி டெல்லிக்கு லெட்டர் குடுத்திருக்கேன்."

ஃபெமினா முன்னால் வந்தாள். "தேதி சொல்லுங்க சார். எழுதிக்கிறோம்."

எம்.பி.யோடு வந்த பி.ஏ. போனில் தேடினார். ஊரே காத்திருந்தது. கடைசியில் திரையை அவளிடம் நீட்டினார். கடிதம் உண்மைதான், லெட்டர்பேட், கையெழுத்து எல்லாம் இருந்தது. தேதியை அவள் இரண்டு முறை பார்த்தாள். பிறகு பலகையின் அடிச்சட்டத்தில் இருந்த சாக்பீஸை எடுத்து, அப்பாவின் நெட்டெழுத்துக்குக் கீழே, வகுப்பில் எழுதுகிற அதே குண்டெழுத்தில் எழுதினாள்:

'செந்தமிழன் உட்பட நால்வர் கைது. எம்.பி. கடிதம்: நாற்பத்தோராம் நாள்.'

அழகி அதைப் படித்தாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள். "நேத்தா?" என்றாள். எம்.பி.யைப் பார்த்து மறுபடியும் கேட்டாள். "நேத்துத்தானா?"

"அம்மா, நான் அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா—"

"சரிங்க" என்றாள் ஃபெமினா. "கட்டம் போட்டு வைக்கிறோம்."

கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டியை மூடினார்கள். அமலராணி மூடியின்மேல் ஒருமுறை கை வைத்து எடுத்தாள். ராபினும் ஐஸ் ப்ளாண்ட் ஆட்களும் தோளில் தூக்கினார்கள். குனிந்து எழும்போது ராபினின் கண் பலகைப் பக்கம் போய், அக்காவிடம் வந்து நின்றது. அப்படியே இருக்கட்டும் என்று ஃபெமினா தலையை ஆட்டினாள்.

தெரு குறுகல். ஒரு ஐஸ் லாரி நுழைந்தால் சைக்கிள் ஒதுங்கவேண்டிய அகலம். மெயின் ரோட்டுக்கு வேறு வழி கிடையாது. பெட்டி கிளம்பி, ஊரே அதன் பின்னால் நடக்க, இரண்டு கார்களும் கடைசியில் ஊர்ந்து வந்தன. பி.ஏ. வேகமாக நடந்து வந்து ராபினின் அருகே குனிந்தார்.

"தம்பி, ஒரு நிமிசம் ஓரமா நின்னீங்கன்னா வண்டி போயிரும். பன்னெண்டு மணிக்கு மணமேல்குடில ஐயாவுக்கு ஒரு கல்யாணம்."

ராபின் நேரே பார்த்துக்கொண்டு நடந்தான். பதில் அமலராணியிடமிருந்து வந்தது.

"போறவரு முன்னால போறாரு. பின்னால வாங்க."

கூட்டம் நடையை மாற்றிக்கொள்ளவில்லை; இன்னும் கொஞ்சம் மெதுவாகிப் போனதோ என்னவோ. ஃபெமினாவுக்குப் பின்னால் முதல் கியரில் எஞ்சின் முனகுவது கேட்டது. ஒருமுறை ஹாரன் தொடங்கி, பாதியிலேயே நின்றுபோனது. அழகி குழந்தையோடு நடுத்தெருவில் நடந்தாள்.

முச்சந்தியில் அந்தோணியார் குருசடி, சிலுவை நட்ட சின்னக் கோயில். பெட்டியை அங்கே இறக்கி வைத்து, ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குவது வழக்கம். ஐந்து பத்தும் முழுதாகச் சொன்னால் அரைமணி நேரம் ஆகும். தெருவை அடைத்துப் பெட்டியை இறக்கினார்கள். உபதேசியார் சிலுவையைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஒரு பத்து சொல்லிருவமா?" என்று கேட்டார்.

அமலராணி தரையில் முழங்கால் போட்டாள். வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் ரோடு.

"அஞ்சு பத்தும் சொல்லுங்க."

ஃபெமினா அம்மாவின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். பின்னாலேயே ஒவ்வொருவராக உட்காரும் சத்தம், தெரு நெடுகக் கேட்டது. முதல் மணிக்கு எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்தபோது, கடைசியில் நின்ற கார்களின் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.