நூறு டெட்ரி, ஒரு சரக்குந்து

அச்சகத்தில் அவளை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல்லில் ஒற்று விட்டுப் போனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிப்பவள். இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை படாமல் ஒரு புத்தகமும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவள் பெயர் போட்டும் ஒரு புத்தகமும் தாண்டியதில்லை. அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் வருகைப் பதிவேடு. அதிலும் முதலாளி, அவள் சேர்ந்த அன்றைக்கே நடுவில் ஓர் ஒற்றை விழுங்கிவிட்டு எழுதியிருந்தார். பிறகு வருஷா வருஷம் பழையதைப் பார்த்தே புதியதிலும் எழுதினார். அடுத்தவர் பிழையெல்லாம் திருத்துகிறவள் அதை மட்டும் திருத்தவில்லை. கேட்க ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொது அறிவுப் புத்தகம் திருத்தத்துக்கு வந்தது. உலக நாணயங்களைப் பற்றி ஒரு பகுதி. டாலருக்கு ஒரு பக்கம், பவுண்டுக்கு ஒரு பக்கம், யூரோவுக்கு ஒரு பக்கம். கடைசியில் 'மற்றவை' என்று போட்டு, முப்பது நாட்டுக் காசை ஒரே பத்தியில் அடைத்திருந்தார்கள். மற்றவையாம். ஒற்றக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காசுக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள் என்று நூலகம் நூலகமாக ஏறி இறங்கினாள். ஜாம்பியாவின் குவாச்சா என்றால் விடியல். வனுவாட்டுவின் வாட்டு என்றால் கல். மங்கோலியாவின் துக்ரிக் என்றால் வட்டம். கானாவின் செடி நம் வீட்டுத் தொட்டியில் வளர்கிற செடி இல்லை. சோழிக்கு அங்கே வழங்கும் சொல்லிலிருந்து வந்தது, ஒரு காலத்தில் அங்கே சோழிதான் காசு. சமோவாக்காரர்கள் டாலரைத் தங்கள் வாய்க்குத் தோதாக மாற்றித் தலா என்றார்கள். 'ஆளுக்குத் தலா பத்துத் தலா' என்று எழுதிவிட்டு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். முப்பது காசுக்கும் முப்பது கதை சேர்ந்ததும் முதலாளியிடம் கொண்டுபோனாள்.

முதலாளி தாள்களைக் கையில் எடை பார்த்தார். புத்தகம் போடுவாரே தவிர, படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"போடலாம்மா. 'ஆசிரியர் குழு'ன்னு போட்டுக்கலாமா?"

"என் பேரு போடணும் சார்."

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழை திருத்துறவங்க எழுதுன புத்தகத்துலயே பிழை இருந்தா, கடைக்காரன் என்னைத்தான் கிண்டல் பண்ணுவான். ஒரே ஒரு பிழை இருந்தாலும் பேரு கிடையாது. சம்மதமா?"

"சம்மதம் சார்."

அதற்கப்புறம் அவள் அந்தப் புத்தகத்தை ஏழு தடவை படித்தாள். எட்டாவது தடவை கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தாள். பிழை என்று ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டாவது ஃபாரம், அதாவது அடுத்த பதினாறு பக்கத் தாள், ஓட ஆரம்பித்த அன்று மெஷின் அறைக்குப் போய், மை காயாத தாள் ஒன்றை உருவினாள். தன் எழுத்தை அச்சில் பார்க்கிற ஆசைதான், திருத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஆனால் கண் பழக்க தோஷம் விடுமா. முப்பத்தோராம் பக்கத்தில் போய் நின்றது.

'ஜார்ஜியா நாட்டின் நாணயம் சரக்குந்து. நூறு டெட்ரி சேர்ந்தால் ஒரு சரக்குந்து. டெட்ரி என்றால் வெள்ளை. சரக்குந்து என்பது, சேர்த்து வைத்த செல்வத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது.'

அவள் எழுதியது லாரி. அந்த நாட்டுக் காசின் பெயரே லாரிதான். தாளோடு கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள்.

"யாரு இதைத் தொட்டது?"

கம்ப்யூட்டரில் பக்கம் கோக்கிற பெண், அச்சகத்தில் எல்லோருக்கும் தங்கச்சி, பதறிப்போனாள். "நான் ஒண்ணுமே தொடலக்கா. அச்சு பிளேட் போடுறதுக்கு முன்னாடி உங்க பட்டியல்ல இருக்கிற வார்த்தையை மட்டும் மாத்தினேன்."

சுவரைக் காட்டினாள். அங்கே ஒற்றக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பஸ், பேருந்து. சைக்கிள், மிதிவண்டி. லாரி, சரக்குந்து. அடியில், 'அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு நூலிலும் தவறாமல் மாற்றவும்.' ஒவ்வொரு என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலத்தான்.

பின்னாலேயே வந்த மெஷின்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி படிக்கவா போறாரு? ஜார்ஜியாக்காரன் வந்து கேக்கவா போறான்? பேசாம இரு அக்கா. அட்டையில உன் பேரு வரட்டும்."

ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அவள் பேசாமல் இருந்தாள். அட்டை மட்டும்தான் பாக்கி. தன் பெயரை மனசுக்குள் அந்த அட்டையில் எத்தனையோ தடவை ஒட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அது அவங்க வச்ச பேருண்ணே," என்றாள். "மாத்த நான் யாரு? மெஷினை நிறுத்துங்க."

முதலாளி அறையில் தாளை விரித்து வைத்தாள். "பிழை இருக்கு சார். என் பட்டியலால வந்தது, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. இந்த ஃபாரத்தைத் திரும்ப அடிக்கணும். பேரு வேண்டாம், ஆசிரியர் குழுன்னே போட்டுக்குங்க."

முதலாளி கடுகடுவென்று தாளை இழுத்தார். விரல் வைத்துப் படித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நூறு டெட்ரி சேந்தா ஒரு சரக்குந்து." துடைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக்குப் போனார். மடிக்காத தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒற்றக்கா நின்றுகொண்டே இருந்தாள். அவர் படிப்பதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"செடிங்கறது சோழியா?"

"ஆமா சார்."

"விடியலைக் காசுக்குப் பேரா வச்சிருக்காங்க," என்றார் மெதுவாக. "வேற யாராவது எழுதி, இந்தப் பிழையை நீ பிடிச்சிருந்தா, எழுதுனவங்க பேரை எடுத்திருப்பேனா?"

அவள் விரித்த தாளின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"புத்தகம் இன்னும் வாசலைத் தாண்டலம்மா. போயி வேற பிளேட் போடச் சொல்லு."

மறுநாள் காலை அட்டையின் மாதிரித் தாள் அவள் மேஜைக்கு வந்தது. 'மற்றவை' என்று பெரிதாகத் தலைப்பு. கீழே அவள் பெயர். முதலாளி தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததை அப்படியே கோத்திருந்தார்கள், பதிவேட்டில் இருப்பது போலவே, நடுவில் ஓர் ஒற்று இல்லாமல்.

கம்ப்யூட்டர் தங்கச்சி, மெஷின்காரர், முதலாளி என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

ஒற்றக்கா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு குறி போட்டு, மேலே அந்த ஒற்றை எழுதினாள். நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"இப்பதான் சார் இது என் பேரு."

முதலாளி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதையும் திருத்திடும்மா."

அவள் ஜனவரியிலிருந்து ஆரம்பித்தாள்.