ஞானமேரி எழுதியதாகச் சொல்லப்பட்ட கட்டுரை

புதுச்சேரியின் பெண் எழுத்தாளர்களைக் கொண்டாட ஒரு மாதர் மலர் வெளியிடுவதென்று ‘கீழைக்கரை’ வார இதழின் ஆசிரியர் சக்கரபாணி 1935ஆம் ஆண்டில் முடிவுசெய்தபோது, கொண்டாடப்படவேண்டிய நால்வரில் மூவருக்கு மீசை இருந்தது. குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிவந்த குமுதவல்லி, சக்கரபாணியேதான். கற்பின் பெருமையை வாரந்தோறும் விளக்கிய பங்கஜவல்லி, கள்ளுக்கடைக் குத்தகைதாரர். வடிவாம்பாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெண்கள் பக்கத்துக்குப் பெண் பெயர் வேண்டும். பெண்ணைத் தேடிப்பிடிப்பது தொல்லை. ஆகவே அந்தப் பாரத்தை ஆண்கள் தாங்களே சுமந்தார்கள்.

நான்காமவள் ஞானமேரி. அவள் உண்மையாகவே பெண். அதனால் ‘செங்கோடன்’ என்ற பெயரில் எழுதினாள். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவர் அல்போன்ஸ், வேலைக்குப் போகும் வழியில் அவள் எழுதிய தாள்களை அச்சகத்தில் கொடுத்துவிட்டுப் போவார். அவற்றைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மலருக்கென்று அவள் எழுதிய கட்டுரை, நோணாங்குப்பத்திலிருந்து பஞ்சாலைக்கு நடந்துவரும் பெண்களைப் பற்றியது. ஆலைக்குள் குழந்தை அழுதால் கூலியில் பிடித்தம். எனவே தாய்மார்கள் குழந்தைக்குச் சிறிது அபின் கொடுத்து, பஞ்சு மூட்டைகளுக்கிடையில் கிடத்திவிட்டு நூல் இழுத்தார்கள். சின்னப்பொண்ணு என்பவளின் குழந்தை அப்படி ஒருநாள் உறங்கி, எழவேயில்லை. “அழுவக் கூடாதுன்னுதாம்மா குடுத்தேன், கொஞ்சூண்டு” என்று அவள் ஞானமேரியின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். எந்த ஆணிடமும் அவள் சொல்லியிராத பேச்சு அது. அந்தக் கட்டுரைக்குக் கீழே மட்டுமாவது தன் பெயர் இருக்கவேண்டும் என்று ஞானமேரி விரும்பினாள். கேட்பதற்கு அவளே அச்சகத்துக்குப் போனாள்.

“என்னா மதாம், வெயில்ல நீங்களே வந்துட்டீங்க?” என்றார் சக்கரபாணி.

“பேரு விஷயமா வந்தேங்க.”

“கட்டுரை நெருப்பு மதாம். ஆனா பொம்பள பேரப் போட்டா ஆலைக்காரன் சிரிப்பான். படிக்கிறவன் நம்ப மாட்டான்.”

“குமுதவல்லிய நம்புறாங்களே?”

“குமுதவல்லி பொம்பள மாதிரி எழுதுறா.”

“ஆமாமா. பெத்து வளத்த அனுபவம் அவளுக்குத்தான் நெறைய.”

வெற்றிலை எச்சிலைத் துப்பப் போன சக்கரபாணி திரும்பிவரச் சற்று நேரமாயிற்று.

மலர் வெளிவந்தது. குமுதவல்லி முதலான மூவரும் ‘இம்மண்ணின் கலைமகள்கள்’ என்று முதல் பக்கத்தில் போற்றப்பட்டிருந்தார்கள். ஆலைக் கட்டுரையின் கீழே பெயர் இல்லை, செங்கோடனும் இல்லை. இடத்தை நிரப்ப ஒரு சிறு பூப்படம் போட்டிருந்தார்கள்.

ஆலை நிர்வாகம் அவதூறு வழக்குத் தொடுத்தது. எழுதியது யார் என்று போலீசார் வந்து கேட்டவுடன் சக்கரபாணி சொன்னார்: “மதாம் ஞானமேரி. அல்போன்ஸ் சம்சாரம்.” அவர்கள் தவறாக எழுதிவிடக்கூடாதே என்று எழுத்தெழுத்தாகவும் சொன்னார்.

“எழுதலன்னு சொல்லிடு மேரி,” என்றார் அல்போன்ஸ். “அவ்ளோதான். நீ எழுதுனன்னு எவன் நம்பப்போறான்?”

“அதுக்குத்தாங்க ஆமான்னு சொல்லப்போறேன்.”

“என் வேல போயிடும்டி.”

“நீங்க எழுதலியே. உங்க வேல ஏன் போவுது?”



நீதிபதி வெள்ளைக்காரர். அவர் பிரெஞ்சில் கேட்டதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் இராமதாஸ் தமிழில் சொன்னார்.

“இத நீங்களா எழுதுனீங்க?”

“ஆமாம்.”

“யாராவது சொல்லச் சொல்ல எழுதுனீங்களா?”

“யாரும் சொல்லல. நானே போய்ப் பாத்து எழுதுனேன்.”

அவள் சொல்லச் சொல்ல நீதிபதியின் முகத்தில் கனிவு கூடிக்கொண்டே போயிற்று. அந்தக் கனிவே அவளுக்கு அச்சமூட்டியது. ஒரு தாளும் பேனாவும் கொடுத்தால் அங்கேயே எழுதிக்காட்டுவதாகச் சொன்னாள். அதற்கு அவசியமில்லை என்றார் நீதிபதி.

அடுத்து அச்சுக்கோக்கும் அரிகிருஷ்ணனை அழைத்தார்கள். தாள்களை அச்சகத்துக்குக் கொண்டுவந்தது யார்?

“தோ, இவருதாங்க. எப்பவும் இவருதான் கொண்டாந்து குடுப்பாரு,” என்று அவன் அல்போன்சைக் காட்டினான். அது உண்மைதான்.

“நான் அத படிக்கவே இல்லீங்க முசியே!” என்று அல்போன்ஸ் கதறினார். அதுவும் உண்மைதான். குற்றவாளிகள் யாவரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நீதிபதி அறிந்திருந்தார்.

கணவனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் ஏற்ற கத்தோலிக்க மனைவியின் பண்பைத் தாம் மதிப்பதாக அவர் கூறினார். அல்போன்ஸ் இனியேனும் ஒரு பெண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் ஆண்மகனாக நடந்துகொள்ளவேண்டும் என்று எச்சரித்து, வழக்கை முடித்தார். வேலையும் போகவில்லை.

வெளியே, தீர்ப்பைக் கேள்விப்பட்டு ஆலைத் தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். அல்போன்சைக் கண்டதும் ஆரவாரம் எழுந்தது. யாரோ சாமந்தி மாலை ஒன்றை அவர் கழுத்தில் போட்டார்கள். ‘நான் இல்லை’ என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார் என்றே ஞானமேரி கடைசிவரை நம்ப விரும்பினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னப்பொண்ணு வந்தாள். ஞானமேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“எங்கூட்டாண்ட ஒருத்தரு படிச்சுக் காமிச்சாரும்மா. என் புள்ள சங்கதிய அப்படியே எழுதியிருக்காரு உங்க வூட்டுக்காரரு. நான் சொன்னத நீங்க அவருகிட்ட போயி ஒண்ணுவிடாம சொல்லியிருக்கீங்க. மவராசியா இருக்கணும்.”

 ஞானமேரி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது மாலைக்காக அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“ஆமா, சின்னப்பொண்ணு,” என்றாள். “ஒண்ணுவிடாம சொன்னேன்.”