பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுத நினைத்ததே இல்லை. மார்ச் மாதத் தீவிபத்தைப் பற்றி எங்கள் ஊர்ச் செய்தித்தாள் இருநூறு சொல் கேட்டது. கொடுத்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது, நடந்தது மட்டும்தான் இல்லை.

நாங்கள் நியூ பிரன்ஸ்விக், கனடா. ஆற்றின் அக்கரை மெய்ன், அமெரிக்கா. இரண்டு ஊர்த் தீயணைப்புப் படையும் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள். எந்தக் கரையில் பற்றினாலும் இரண்டு படையும் போகும். பாலத்தில் சுங்கக்காரர் கையசைத்து அனுப்பிவிடுவார்.

2

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "அமெரிக்கா கனடா மரத்துக்கு வரியை உயர்த்திய மூன்றாம் மாதம்..." (பொருளாதாரக் கட்டுரை என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

இன்னொன்று: "ஹோலிஸ் நல்ல மனிதர்தான், ஆனால்..." (இந்த "ஆனால்" வந்தாலே வம்பு. விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். வரியால் எங்கள் மர அறுவை ஆலை மூடியது. படையில் ஆறு பேருக்கு வேலை போயிற்று. அக்கரைப் படைத் தலைவர் ஹோலிஸ் வானொலியில், "வரி நல்லதுதான், அவங்களுக்குத்தான் நாம வேணும்" என்றார். எங்கள் தலைவி ஆர்டித்தும் அவரும் இருபத்தாறு வருடம் சேர்ந்து தீ அணைத்தவர்கள். அவள் கணவனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஹோலிஸும் ஒருவர்.

அடுத்த வாரம் அக்கரையில் உருளைக்கிழங்குக் கிடங்கு பற்றிக்கொண்டது. உயரமான ஏணி வண்டி எங்களிடம்தான் உண்டு.

3

போவதா வேண்டாமா என்று படை ஏழு நிமிடம் யோசித்ததாக எழுதியிருந்தேன். ஆர்டித் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் போட்டாள்.

"ஏம்ப்பா எழுத்தாளரே, ஏழு நிமிஷம் யோசிச்சோமா? எவன் சொன்னான்? தீன்னு பேஜர் கத்தினதும் நம்ம பாஸில் பய ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்புன்னு ஓடியாந்தான். அவனுக்கு வேலை போயி பத்து நாள்."

"கதைக்கு ஒரு தயக்கம் வேணும், ஆர்டித்."

"உனக்கு வேணும்னா நீ தயங்கிக்கோ. என் ஆளுங்க தலையில கட்டாதே."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். கிடங்கு போயிற்று, பக்கத்து வீடுகள் தப்பின.

4

இனிதான் செய்தித்தாளில் வராதது. தீ அணைந்தபின், யார் ஊரில் பற்றியதோ அவர்கள் பந்தி போட வேண்டும். பீன்ஸ், ரொட்டி, ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பு. தன் ஆட்கள் உட்காராமல் தலைவர் உட்காரக் கூடாது. (யார் போட்ட விதியோ தெரியாது. எழுதி வைக்கவில்லை, அதனால்தான் யாரும் மீறியதில்லை.)

அன்று எங்கள் ஆட்கள் குழாயைச் சுருட்டினார்கள். பந்திக்குப் போகாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஹோலிஸ் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"ஆர்டித், பீன்ஸ் ஆறிப்போவுது."

"என் ஆளுங்க ஏறிட்டாங்க, ஹோலிஸ்."

"ரேடியோல நான் பேசினது..."

"அத விடுங்க. தீ அணைஞ்சிருச்சுல்ல?"

"உன்கிட்ட தீயப் பத்தியா கேக்குறேன்?"

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: அவள் போய்ச் சாப்பிடுகிறாள். முடிவு இரண்டு: வண்டியில் ஏறுகிறாள், பாலம் தாண்டி வீட்டுக்குப் போகிறோம்.

"ரெண்டையும் எழுதாதே. ரெண்டு கரையிலயும் படிப்பாங்க" என்றாள் ஆர்டித். தாளை இன்னொரு தரம் புரட்டிவிட்டு, "நீ எங்க உக்காந்திருந்தேன்னு எழுதவே இல்லையே?" என்றாள்.

எழுதவில்லைதான். ஏழு பேர் இருந்த வண்டியில் ஆலையில் வேலை பார்க்காதவன் நான் ஒருவன். ஓய்வுபெற்ற வாத்தியார். இந்த வரியால் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் குறையவில்லை. அந்த ஆறு பேரை முதலில் இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒருவன் இறங்கியிருந்தால் மற்றவர்களும் பின்னாலேயே வந்திருப்பார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்தவன் நான். ஆர்டித் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். நான் கையுறையைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஹோலிஸ் கிண்ணத்தோடு நிற்கிறார். ஆர்டித் இந்தப் பக்கம் பார்க்கிறாள். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கதவு கைக்கு எட்டும் தூரம்தான்.