தேர்ப்பாதைக்குக் கீழே சக்கரக் கான்

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜீவராணியைத் தனியாகக் கூப்பிட்டார். இன்றைக்கு அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லையாம். பழைய சக்கரக் கான் வாய்க்காலைப் பார்க்க ஹட்டனிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறது, முன்னால் போய்ப் பற்றை வெட்டி வழி எடுத்துக் கொடு என்றார்.

"சரிங்க" என்றாள்.

போன கார்த்திகை மழையில் மகள் ஷாமிலாவை மண் மூடியதிலிருந்து அவளிடம் அந்த ஒரு பதில்தான். மழையில் நில் என்றாலும் சரிங்க, வெயிலில் நில் என்றாலும் சரிங்க. சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல் நெஞ்சுக்காரி என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். நெஞ்சு கல்லாய்ப் போனவளுக்குப் பேர் எங்கே உறைக்கும்?

ஆனால் அவள் புருஷன் பழனியாண்டிக்கு வைத்த பேர் அதைவிட மோசம். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க மகளுக்கு மேசை போட இடம் வேண்டும் என்று, அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் கொஞ்சம் வெட்டியிருந்தான். அடுத்த பெருமழையில் மலை இறங்கியது. வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவும் அதற்குள் தூங்கிய பிள்ளையும் போயின. "பெத்த அப்பனே மண்வெட்டியால மலையை எறக்கிட்டான்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் முதலில் சொன்னவள் காளியாயி. அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஜீவராணியும் அதை நம்பினாள். அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தோட்டம் கொடுத்த தகரக் கொட்டிலில் இருவரும் இருந்தார்கள். அவள் தட்டை வைப்பாள், அவன் தின்பான். தட்டு தரையில் படும் சத்தம்தான் அவர்களுக்குள் மிஞ்சிய பேச்சு. அவனை வெறுப்பது அவளுக்கு ஒரு ஊன்றுகோலாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வந்திருந்த பிள்ளை தர்ஷிகா, ஹட்டன் பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் சோமசுந்தரம் முதலாளியின் மகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பழைய தேயிலை ஃபெக்டரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன கான்களைத் தேடித் தோட்டம் தோட்டமாக நடக்கிறாளாம். கடைக்காரர் மகளுக்கு அட்டை கடிக்க நடக்கும் வேலை எதற்கு என்று கண்டாக்குக்கு ஒரே சிரிப்பு.

ஜீவராணி கவ்வாத்துக் கத்தியால் மானாப்புல்லை வெட்டிக்கொண்டே முன்னால் போனாள். புல்லுக்கு அடியில் பாசி பிடித்த கல் வரிசை தெரிந்தது. கான் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, அடுத்த மடிப்புக்குள் நுழைந்தது.

"கரண்ட் வர்றதுக்கு முந்தி இந்தத் தண்ணிதான் ஃபெக்டரிச் சக்கரத்தைச் சுத்திச்சு அக்கா. நேரா வெட்டினா தண்ணி வேகமாப் பாஞ்சு மண்ணை அறுத்துடும். அதான் மலையோட வளைவிலேயே கொண்டுபோயிருக்காங்க. துரை பேரு ஃபெக்டரிச் செவுத்துல இருக்கு. வெட்டினவங்க பேருதான் எங்கயும் இல்ல" என்றாள் தர்ஷிகா.

"எங்காளுங்கதான் மிஸ்" என்றாள் ஜீவராணி. அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

சக்கரம் நின்று எத்தனையோ காலம் ஆகியும் மலைத் தண்ணீருக்கு அது தெரியவில்லை. மழை பெய்தால் பழைய வழியே வந்துகொண்டுதான் இருந்தது. கான் மாரியம்மன் கோயில் பாதையின் திருப்பத்துக்கு வந்ததும் கல் வரிசை சட்டென்று மண்ணுக்குள் போனது. மண் முட்டிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கிக் கறுத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் அழகான சமதரை.

தர்ஷிகா அந்தச் சமதரையின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே, லயத்தின் கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் சிவந்த மண் வாய் பிளந்து கிடந்தது.

"தண்ணி போக வழியில்லாம இங்கயே எறங்கியிருக்கு" என்றாள். "பல வருஷமா ஊறி ஊறி உள்ளுக்குள்ள மலை கூழாயிருக்கும். கீழ யாருமே மண்ணை வெட்டலன்னாலும் இது சரிஞ்சிருக்கும் அக்கா. இந்த எடத்தை யாரு மூடினது?"

ஜீவராணி அந்தத் தரையைப் பார்த்தாள். மாரியம்மனுக்குப் புதுத் தேர் செய்த வருஷம் நினைவுக்கு வந்தது. திருப்பத்தில் தேரைத் திருப்ப முடியவில்லை, கான் குறுக்கே கிடந்தது. வெறும் பழைய கான்தானே, மூடினால் போச்சு என்று லயமே திரண்டது. ஆண்கள் மண் வெட்ட, பெண்கள் கூடையில் சுமக்க, தப்பு அடித்து, தேத்தண்ணி ஊற்றி, திருவிழாவுக்கு முன்னால் ஒரு திருவிழா. அவளும் சுமந்தாள். அப்போது ஷாமிலா வயிற்றில் இருந்தாள்.

"நாங்கதான் மிஸ். தேருக்கு."

"கீழ யாரு இருந்தாங்க?"

"நாங்கதான்."

தர்ஷிகா ஓரத்தைவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள்.

திரும்பி வரும்போது பீலிக்கரையில் பெண்கள் நின்றார்கள். "என்னாடி, கானுல பொதையல் கெடைச்சிச்சா?" என்று காளியாயி கேலியாகக் கேட்டாள்.

"தேர்ப்பாதை தண்ணிய மறிச்சிருக்கு. அதாலதான் மலை எறங்கியிருக்கு. அவரு வெட்டுனதால இல்ல."

அங்கே நின்றவர்களில் அன்றைக்கு மண் சுமக்காதவள் எவளும் கிடையாது. ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். தேர் ஓடினால் ஊர் இழுத்தது, மலை சரிந்தால் மட்டும் ஒருத்தன் வெட்டியது! காளியாயி பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கொட்டிலில் பழனியாண்டி பலகையில் குந்தியிருந்தான். ஜீவராணி ரொட்டியும் சம்பலும் வைத்தாள். வழக்கமாகப் போவதுபோல் வெளியே போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க."

ரொட்டிக்குப் போன அவன் கை அப்படியே நின்றது.

"ஒங்க மண்வெட்டி இல்லீங்க. தேர்ப்பாதைக்கு மூடுனமே, அந்தக் கான். தண்ணி அங்கதான் நின்னு எறங்கியிருக்கு. நானும் மண்ணு சொமந்தேன்."

அவன் முகம் தெளியும் என்று நினைத்திருந்தாள். தெளியவில்லை. சுமை இறங்கியவன் போலவும் தெரியவில்லை. அவளுக்கும் அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஊன்றுகோல் மட்டும் கையைவிட்டுப் போயிருந்தது.

"நீ அப்ப புள்ளத்தாச்சி" என்றான் கடைசியில். "சொமக்காத, ஒக்காருன்னு சொன்னேன்."

"நான் கேக்கலீங்க."

தகரத்தில் நாலு துளி விழுந்து சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தண்ணி இன்னும் அங்கயே நிக்குதுங்க. மிச்சக் காம்பராவுல ஆளுங்க இருக்காங்க."

பழனியாண்டி எழுந்தான். அன்றைக்குப் பிறகு கை படாமல் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். அவள் கூடையை எடுத்தாள். வாசலில் அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொமக்க வேணாம். ஒக்காரு."

"இப்ப வயித்துல யாரும் இல்லீங்களே" என்றாள் ஜீவராணி.

தூறலிலேயே இருவரும் கோயில் திருப்பத்துக்கு ஏறினார்கள்.