அப்பாவின் புத்தகத்தைத் தேடியவர்கள்

புத்தகங்களைத் தேடித் தரும் ஓர் ஆப்பில் தேடலைச் சீர்படுத்துவதுதான் அவள் வேலை. யார் எந்தத் தலைப்பை எவ்வளவு கன்னாபின்னாவென்று அடித்தாலும் சரியான புத்தகத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். சொந்த அப்பா எழுதிய ஒரே நாவலைத்தான் அவளால் கொண்டுவர முடியவில்லை.

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுபெற்ற கையோடு ஒரு நாவல் எழுதி, 'பழுது பார்க்கும் நேரம்' என்று தலைப்பு வைத்தார். அதை ஆப்பில் அடித்தால் மிக்ஸி, மோட்டார், குழாய் என்று ரிப்பேர் புத்தகங்கள் வரிசைகட்டி நிற்கும். நாவல் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கும். நிறையப் பேர் திறக்கும் புத்தகம் மேலே வரும் என்பது அங்கே விதி. அடியில் கிடப்பதை யார் போய்த் திறக்கப்போகிறார்கள்? அப்பா தினமும் பல் துலக்கியதும் தேடிப் பார்ப்பார், பிறகு செல்லைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"ஊரையே மேலே ஏத்தி விட்ட மனுஷன், சொந்தப் புத்தகத்தை ஏத்த முடியலையே" என்று அம்மா கிண்டல் செய்வாள். முதலில் அப்பாவும் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார். எழுதுவதையும் விட்டு ஒன்பது வருடமாகிவிட்டது.

மகளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு சோதனைப் பட்டியல் உண்டு. தேடலில் சறுக்கும் தலைப்புகளை அதில் எழுதி வைத்தால், ஓர் இயந்திரம் மணிக்கொரு தரம் அவற்றைத் தேடி, சரியான புத்தகம் முதலில் வருகிறதா என்று பார்க்கும். வராதவரை யாரும் வேலையை முடித்ததாகச் சொல்ல முடியாது. அவள் அப்பாவின் தலைப்பைப் பட்டியலில் சேர்த்தாள். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, உண்மையிலேயே சறுக்கிய தலைப்புதானே. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நாவல் வேறு கையேடு வேறு என்று தேடலுக்குப் புரியவைத்தாள். நாவல் முதலிடத்துக்கு வந்தது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே மாதம் ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் 'தேடியவர்கள்' என்று ஓர் எண்ணிக்கை வரத் தொடங்கியது. அப்பாவின் புத்தகத்துக்கு அது நூறானது, ஐந்நூறானது, ஆயிரத்தைத் தாண்டியது. அப்பா அதை அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டினார், முடிவெட்டுபவரிடம் காட்டினார். அவளும் நம்பினாள். நல்ல புத்தகம் கண்ணில் பட்டால் போதும், ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் மார்தட்டிக்கொண்டாள். அப்பா மேசையைத் துடைத்துப் போட்டு இரண்டாவது நாவலை ஆரம்பித்தார்.

எண்ணிக்கை வரத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அவள் குழுவின் தலைவி கணக்கில் ஏதோ உதைக்கிறது என்றாள். பட்டியலில் இருக்கும் புத்தகங்கள் மட்டும் ஏன் இப்படி ஏறுகின்றன என்று கேட்டாள். பார்த்தால், சோதனை இயந்திரம் ஒவ்வொரு முறையும் புது ஆளாக நுழைந்திருக்கிறது. அத்தனையையும் ஆப் மனிதர்களாக எண்ணியிருக்கிறது. இயந்திரத்தை விலக்கிவிட்டு எண்ணச் சொன்னாள் தலைவி. அந்த வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது.

செய்து முடித்தாள். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று இருந்த இடத்தில் மூன்று நின்றது. எத்தனை தரம் தேடினாலும் ஒரு செல்லுக்கு ஓர் ஆள் என்றுதான் கணக்கு. அந்த மூன்று செல் எவை என்று பார்த்தாள். ஒன்று அப்பாவுடையது. ஒன்று, அவர் பெருமையடித்தது நிஜமா என்று பார்க்க ஒரு தரம் தேடிய அம்மாவுடையது. ஒன்று அவளுடையது. வேறு ஓர் உயிர்கூட அந்தப் புத்தகத்தைத் தேடவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எழுதிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் எதையும் பூசி மெழுகவில்லை. இயந்திரம்தான் தேடியது, தவறு தன்னுடையது என்று சொன்னாள். அப்பா பேனாவை மூடினார். 

"அப்போ இந்த மூணு மட்டும் நிஜம்?"

"நிஜம்தான்பா."

"ஒண்ணு நான்தான், அது தெரியும். ரெண்டு பேர் மிச்சம் இருக்காங்க இல்ல?" என்றார். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மகள் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா பேனாவை மறுபடி திறந்தார். "ரெண்டு பேர் போதும்மா. எந்த ஊர்க்காரங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. இது அச்சானதும் அவங்களுக்கு ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பணும்."