ரீட்டா வந்த வீடு

புளோறன்ஸ் மெல்பேர்னில் உள்ள மகளிடம் போனபோது, அவளுடைய பூனை ரீட்டாவைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. புறக்கோட்டைச் சந்தையில் கொண்டுபோய் விடப்போகிறார்களாம் என்று கேள்விப்பட்டதும், புளோறன்ஸுடன் இருபது வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்த பாலேஸ்வரி ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். மூடி போட்ட கூடையோடு வெள்ளவத்தையில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

நாலாம் மாடி வீட்டுக் கதவைத் திறந்ததுமே றொக்கி குரைக்கத் தொடங்கியது. அது அவளுடைய கணவர் இராசரத்தினத்தின் நாய்.

“உமக்கென்ன விசரே? நாய் நிக்கிற வீட்டுக்கு ஆராவது பூனை கொண்டு வருவினமே?” என்றார் அவர்.

“நான் கொண்டு வந்திட்டன்” என்று சொல்லிவிட்டுச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முப்பத்துநாலு வருடத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. கட்டிலில் இருந்து கூடையின் மூடியைத் திறந்தாள். ரீட்டா கூடையை விட்டு வெளியே வந்து, தையல் மெஷினுக்கு மேல் ஏறி இருந்துகொண்டது.

பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் ஒரு மிருக வைத்தியர் இரண்டையும் பழக்க வழி சொல்லிக் கொடுத்தார். அவசரப்படக் கூடாது, முதலில் ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழக வேண்டும். பாலேஸ்வரி ரீட்டாவைத் துடைத்த துணியை றொக்கியின் பாயின் கீழ் வைத்தாள். மூடிய கதவின் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்தாள். முதலில் கதவைப் பிறாண்டிய நாய், ஒரு கிழமைக்குள் தன் கோப்பையில் மட்டும் கவனமாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இராசரத்தினம் அறைக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டில் ஒன்று தெரியட்டும் என்பது அவருடைய நினைப்பு. றொக்கி பாய்ந்தது. ரீட்டா ஓடவில்லை. மயிர் சிலிர்க்க நின்ற இடத்திலிருந்தே ஒரு அடி போட்டது. ஈரத் தலையோடு பாலேஸ்வரி ஓடிவந்தபோது நாய் மூக்கில் ரத்தத்தோடு மேசைக்குக் கீழே கிடந்தது.

பூனை இன்றைக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் தானும் றொக்கியும் கல்கிசைக்கு மகனிடம் போய்விடுவோம் என்றார் அவர்.

அவள் நாயின் மூக்கைத் துடைத்து மருந்து போட்டாள். பிறகு எழும்பி அவரைப் பார்த்தாள்.

“றொக்கியைக் கொண்டு வரேக்க என்னைக் கேட்டனீங்களே? ஆறு வருசமாக் குளிப்பாட்டிறது நான். உண்ணி எடுக்கிறது நான். கீழ கூட்டிக்கொண்டு போறதும் நான். போறதெண்டால் போங்கோ. பூனை இஞ்சதான் இருக்கும்.”

அவர் உண்மையிலேயே றொக்கியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாலையில் மகன் ராகுலன் தொலைபேசியில் வந்தான். ஒரு பூனைக்காக அப்பாவை வெளியே அனுப்புவதா என்று கேட்டான். தான் அனுப்பவில்லை, அவராகத்தான் போனார் என்றாள். றொக்கிக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று அப்பாவிடம் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னாள்.

அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. அவரை விட நாயைத்தான் மனம் அதிகம் தேடியது. ஆனாலும் அவள் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்து நின்றார். றொக்கி அங்கே ஒன்றும் சாப்பிடவில்லையாம். அவள் வெளிக்கதவைப் பாதிதான் திறந்தாள். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்த முறை நாயைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியது அவர் என்றாள். அவர் வாசலில் நின்று யோசித்தார். றொக்கி யோசிக்காமல் அவள் காலுக்கு இடையால் நுழைந்து உள்ளே போய்விட்டது.

“சரி” என்றார்.

பின்னேரங்களில் இராசரத்தினம் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி கூடத்தில் நிலத்தில் இருந்தார். ரீட்டா எதிரே இருந்து தன் காலை நக்கிக்கொண்டிருக்கும். அவருக்கு முழங்கால் நொந்தது. பட்டியை விடலாமா என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். இன்னும் இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். விட்ட அன்று றொக்கி கிட்டப் போய் மூக்கால் மணந்து பார்த்துவிட்டு, தன் பாட்டில் திரும்பி வந்து படுத்தது. இரண்டும் சிநேகிதமாகவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் இராசரத்தினத்தை மறித்து, பல்கனியில் தெரிகிற பூனை யாருடையது, யாரிடம் கேட்டு வளர்க்கிறீர்கள் என்றார். அவர் தொண்டையைச் செருமினார்.

“என்ர பூனை” என்றாள் பின்னால் வந்த பாலேஸ்வரி. “நான் ஒருத்தரையும் கேக்கேல்லை.”